ஆர்டித் கோஸ்கெலா கையெழுத்துக் கேட்ட கதை

யாரிடமும் எதையும் கேட்காமல் ஒருவரால் ஆயுள் முழுக்க இருந்துவிட முடியுமா? முடியுமென்றால் அதற்குப் பெயர் சுயமரியாதையா, கூச்சமா, அல்லது மற்றவர்கள் மேல் நம்பிக்கை இல்லாததா? எங்கள் துறைமுக ஊரான டெர்ன் ஹார்பரில் ஆர்டித் கோஸ்கெலாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும். புத்தகங்களில் தேடிப் பார்த்தேன். கிடைத்த பதில்களை எழுதியவர்கள் யாரும் அவரிடம் கேக் வாங்கியிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

ஊர் மளிகைக்கடையின் பின்பக்கம் ரொட்டி, கேக் பகுதி ஆர்டித்தின் பொறுப்பு. பிறந்தநாள் கேக்கின் மேல் ஐசிங்கால் பெயர் எழுதுவது அவர்தான். ஊரில் பாதிப் பேரின் பெயரை அவர் சர்க்கரையில் எழுதியிருக்கிறார். ஆனால் சாப்பாட்டு மேசையில் உப்பு எட்டாத தூரத்தில் இருந்தால், எழுந்து மேசையைச் சுற்றிப் போய் எடுத்துக்கொள்வாரே தவிர, "அதை இப்படித் தள்ளுங்க" என்று சொல்ல மாட்டார். ஒரு மழைக்காலத்தில் அவருடைய பிக்கப் வண்டி துறைமுகச் சாலையில் சேற்றில் புதைந்துவிட்டது. அந்தப் பக்கம் வந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தி, உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். "வேண்டாம், சும்மாதான் நிக்கிறேன்" என்று சொல்லி எல்லோரையும் அனுப்பிவிட்டார். வண்டி அச்சுவரை சேற்றில் இருந்தது.

கணவர் எமிலும் அதே ரகம். மரக்கட்டை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று இந்த இருவரில் யார் யாரைக் கேட்டிருப்பார்கள் என்பது எங்கள் ஊர் மதுக்கடையில் பழைய விவாதம். இன்னும் முடிவாகவில்லை.

எமிலுக்கு ஒரு அறுவை சிகிச்சை நடந்தது. ஆண்களுக்கு வயதான பிறகு வழக்கமாக நடப்பதுதான். அதற்குப் பிறகு தினமும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். எமில் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு துறைமுகம்வரை போய் வருவார். அறுவைக்குப் பிறகு அவருடைய சிறுநீர்ப்பை சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. ஆனால் துறைமுகத்தில் வாகன நிறுத்தத்தை ஒட்டிப் பொதுக் கழிப்பறை ஒன்று இருந்தது. அதை நம்பித்தான் அவர் நடந்தார்.

அந்த இலையுதிர் காலத்தில் யாரோ கழிப்பறைக் குழாயில் துணிகளைத் திணித்து அடைத்துவிட்டார்கள். நகர மன்றம் கூடியது. இனி மாலை ஐந்து மணிக்குக் கழிப்பறையைப் பூட்டிவிடுவது என்று தீர்மானித்தது. அதே வாரம் எமில் ஒரு பாறையின் பின்னால் ஒதுங்கினார். ஊருக்குப் புதிதாக வந்த போலீஸ்காரர் ஒருவர் கடமை உணர்ச்சியோடு டார்ச் அடித்து, அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

எமில் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் மாலை நடக்கப் போகவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. நாய் கதவைப் பார்த்தது, எமில் தொலைக்காட்சியைப் பார்த்தார், ஆர்டித் இரண்டு பேரையும் பார்த்தார். ஒரு மாதம் இப்படியே போனது. எமிலின் கால் வீங்கத் தொடங்கியது.

ஆர்டித் நகர மன்றக் கூட்டத்துக்குப் போனார். பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம்.

"கழிப்பறையைத் திறந்து வையுங்க. நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"உங்க கருத்துக்கு ரொம்ப நன்றி" என்றார் மேயர். அடுத்ததாக, கிறிஸ்துமஸ் விளக்குகள் வெள்ளையா பலவண்ணமா என்பதை மன்றம் ஒரு மணி நேரம் ஆராய்ந்தது.

கூட்டம் முடிந்ததும் யோலண்டா பிரிட்செட் அவரை நிறுத்தினார். யோலண்டா நகராட்சி எழுத்தர். தேர்தல், மனு எல்லாம் அவர் பொறுப்பு.

"மன்றம் கேக்கலைன்னா ஊரைக் கேக்கலாம், ஆர்டித்."

"ஊரைன்னா?"

"இந்த விதி வேணும்னு நீங்களே எழுதிக் குடுங்க. ஊர் வாக்காளர்ல பத்துல ஒரு பங்குகிட்ட கையெழுத்து வாங்குங்க. வாங்கிட்டீங்கன்னா, மன்றம் அதை அப்படியே ஏத்துக்கணும், இல்லைன்னா வாக்குச்சீட்டுல போட்டு ஊரையே முடிவு பண்ணச் சொல்லணும். அவங்களுக்கு வேற வழி கிடையாது."

"பத்துல ஒரு பங்குன்னா, அவ்வளவு பேரையும் நான் போய்க் கேக்கணுமா?"

"கேக்காம எப்படிக் கையெழுத்துப் போடுவாங்க?"

ஆர்டித்தின் முகம் வெளுத்துவிட்டது என்று யோலண்டா பின்னால் என்னிடம் சொன்னார். மக்களாட்சியைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் இருக்கின்றன. அது நடக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் கடைவாசலில் நின்று, முன்பின் தெரியாதவரை மறித்து, "ஒரு நிமிஷம்" என்று சொல்லியாக வேண்டும் என்பதை அவற்றில் யாரும் எழுதக் காணோம்.

ஆர்டித் எழுதிக் கொடுத்த விதி ஒரே வரி: துறைமுகக் கழிப்பறை இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். சட்டப்படி நகராட்சி வக்கீல் அதற்கு ஒரு தலைப்புக் கொடுக்க வேண்டும். அவர் கொடுத்தார்: 'நகராட்சிக்கு உரிமையான கரையோரப் பொதுச் சுகாதார வசதிகளின் அணுகல் நேரங்களைத் திருத்தியமைப்பதற்கான முன்மொழிவு.' அதை ஒரே மூச்சில் படிக்க ஆர்டித் வீட்டில் ஒத்திகை பார்த்தார். எமில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். "இதுக்கு நான் பாறைக்கே போயிடுவேன்" என்றார். அபராதச் சீட்டுக்குப் பிறகு அவர் அடித்த முதல் ஜோக் அதுதான்.

மனுத்தாளை அச்சடிப்பதற்கு முன் மாதிரியை யோலண்டாவிடம் காட்டினார் ஆர்டித். யோலண்டா சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது. அது அவர் வேலைக்கே ஆபத்து. மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், 'முகவரி' என்று இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு இருமினார். ஆர்டித்தைப் பார்த்தார். மறுபடியும், கொஞ்சம் பலமாக, இருமினார்.

மறுநாள் காலை ஆர்டித் அவருக்குத் தேன் கலந்த இருமல் மிட்டாய் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார்.

கையெழுத்து வேட்டை தபால் நிலைய வாசலில் தொடங்கியது. எங்கள் ஊரில் வீட்டுக்குத் தபால் வராது. எல்லோருக்கும் தபால் நிலையத்தில் ஒரு பெட்டி உண்டு, எல்லோரும் தினமும் அங்கே வந்தாக வேண்டும். ஆகையால் இடத்தேர்வு சரி. ஆனால் ஆர்டித் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், சுவரோரமாக நின்றார். கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து அவருக்குப் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர். வரிசை நீண்டு நடைபாதைவரை வந்துவிட்டது.

"இன்னிக்கு எதுக்கு இவ்வளவு கூட்டம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"தெரியலையே. ஆர்டித், எதுக்கு நிக்கிறோம்?"

ஆர்டித் திரும்பினார். வேறு வழியில்லாமல் அட்டையை நீட்டினார். "இதுக்கு."

நின்றவர்கள் எல்லோரும் போட்டார்கள். நின்றாகிவிட்டதே, சும்மா போவானேன்?

அதற்குப் பிறகு கையெழுத்துகள் தாமாகவே வந்தன.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க" என்பார் ஆர்டித்.

"என் பொண்ணு கல்யாணக் கேக்கை நீங்க செஞ்சீங்க. இதுல படிக்க என்ன இருக்கு?"

"இது பாத்ரூம் விஷயம்."

"உங்களுக்குப் பாத்ரூம் வேணும்னா எங்க வீட்டுக்கே வாங்களேன், இதுக்கு ஏன் மனு?"

மனுத்தாள்கள் நிறைந்தன. ஒவ்வொரு தாளின் கீழேயும், 'இந்தக் கையெழுத்துகள் என் கண்ணெதிரில் போடப்பட்டவை' என்று வாங்கியவர் தம் கைப்படவே எழுதிக் கொடுக்க வேண்டும். ஆர்டித் அதை ஐசிங் எழுத்தில் எழுதினார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சுழி. மனுவைக் கொண்டுபோய்த் தாக்கல் செய்தார்.

சில வாரம் கழித்து யோலண்டா கூப்பிட்டு அனுப்பினார்.

"மன்னிச்சுக்கோங்க. கிட்டத்தட்ட ஒண்ணுமே தேறல."

"ஏன்? எல்லாம் நம்ம ஊர்க்காரங்கதானே?"

"முகவரியைப் பாருங்க. அத்தனை பேரும் தபால் பெட்டி நம்பரை எழுதியிருக்காங்க. வாக்காளர் குடியிருக்கிற இடத்தைத்தான் எழுதணும்னு சட்டம். பெட்டிக்குள்ள யாரும் குடியிருக்க முடியாது, ஆர்டித்."

ஆர்டித் 'முகவரி' என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார். "அப்ப அன்னிக்கு நீங்க இருமினது..."

"தொண்டைக்கு ஒண்ணும் இல்ல." யோலண்டா குரலைத் தாழ்த்தினார். "மிட்டாய் நல்லாயிருந்துச்சு. அது வேற விஷயம்."

முகவரி என்றதும் கை தானாகப் பெட்டி எண்ணை எழுதிவிடுகிற ஊர் இது. வேறெங்காவது இப்படி ஒரு மனு கவிழ்ந்திருக்குமா என்று தெரியவில்லை.

அன்று மாலை அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. அவர் விட்டுவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். விடாததை வீரம் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எமிலின் வீங்கின கால் தினமும் வரவேற்பறையில் ஸ்டூலின் மேல் இருந்தது. அதைத் தாண்டித்தான் அவர் சமையலறைக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் காரணமாக இருந்திருக்கும்.

முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. மறுபடி அறிவிப்பு, மறுபடி தலைப்பு, மறுபடி பத்திரிகையில் விளம்பரம். அதற்குப் பிறகு ஆறு மாதம் அவகாசம். இந்த முறை ஆர்டித் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டாக வேண்டும்: உங்க வீட்டு நம்பர் என்ன?

எங்கள் ஊரில் யாருக்கும் அது தெரியாது. வீடுகளுக்குப் பெயர் உண்டு: 'நண்டுக்கூடு', 'கடைசித் தவணை', 'மாமியார் வரலாம்'. எண்ணும் உண்டு, தீயணைப்புத் துறைக்காக நகராட்சி என்றோ கொடுத்தது. அந்தப் பலகைகளின் மேல் கொடி படர்ந்து காலம் ஆகிவிட்டது. ஆகவே ஆர்டித் வீடு வீடாகப் போனார். மனிதர்கள் முதன்முறையாகத் தங்கள் வீட்டையே வெளியே வந்து நின்று பார்த்தார்கள்.

"பதினெட்டுங்க" என்றார் ஒரு வீட்டுக்காரர்.

"எந்தக் காலத்துல பதினெட்டு? எண்பத்தொண்ணு" என்றார் மனைவி.

"நான்தானே பலகை அடிச்சேன்?"

"அதனாலதான் தலைகீழா இருக்கு."

ஒரு பெரியவர் எதற்கு வம்பு என்று தீயணைப்பு நிலையத்துக்கே போன் போட்டார்.

"என்ன எரியுது, சார்?"

"ஒண்ணும் எரியல. நான் எங்க குடியிருக்கேன்னு சொல்லுங்க."

கொடியை விலக்கி, பலகையைத் துடைத்து, எண்ணைப் படித்து எழுதுவதற்குள் காபி வந்துவிடும். காபி குடிக்கும் நேரத்தில் ஜனங்கள் மனுவைப் படித்துவிட்டார்கள். முதல் சுற்றில் யாரும் செய்யாத காரியம் இது. படித்தவர்கள் கேள்வி கேட்டார்கள். சிலர் வாதம் செய்தார்கள். படகுத் துறையருகே ஒரு பெண்மணி இரண்டு தரம் படித்துவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"முடியாது, ஆர்டித். ராத்திரி அங்க யார் யார் வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. சுத்தம் பண்றது என் தங்கச்சி."

ஆர்டித்தை வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் முகத்துக்கு நேராக மறுக்கிறார். கேட்டால்தானே மறுப்பார்கள்! நான் அந்தத் தெருவில்தான் நின்றிருந்தேன். அவர் முகம் வாடியிருக்கும் என்று பார்த்தேன். வாடவில்லை. அந்தப் பெண்மணியோடு இன்னும் அரைமணி நேரம் உட்கார்ந்து, தங்கைக்கு எத்தனை மணிக்கு வேலை, என்ன சோப்பு கொடுக்கிறார்கள் என்றெல்லாம் பேசிவிட்டு எழுந்து வந்தார். அதற்குப் பிறகு அவர் கதவைத் தட்டும் சத்தம் கொஞ்சம் பலமானது.

லைல் அவேலாரின் வீடு வாகன நிறுத்தத்துக்கு நேர் எதிரே. பழைய நண்டுப் படகுக்காரர், மனைவி இறந்த பிறகு தனியாக இருப்பவர், தூக்கம் குறைவு. ஆர்டித்தையும் எமிலையும் நாற்பது வருடமாகத் தெரிந்தவர்.

"படிச்சுட்டுப் போடு, லைல்" என்றார் ஆர்டித்.

"கண்ணாடி உள்ள இருக்கு."

"எடுத்துட்டு வா. நான் நிக்கிறேன்."

"இத்தனை வருஷத்துல ஒரு கப் சர்க்கரை கேட்டு என் கதவைத் தட்டினது கிடையாது நீ. இன்னிக்குத்தான் வந்து நிக்கிற. நான் கண்ணாடியைத் தேடிட்டிருப்பேனா? குடு இப்படி."

போட்டார். வீட்டு எண்ணை மட்டும் வெளியே வந்து பார்த்து எழுதினார்.

ஆறாவது மாதத்தின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்று அலுவலகம் மூடுவதற்குள் தாக்கல் செய்தாக வேண்டும். ஊரை விட்டுப் போனவர்கள், இரண்டு தரம் போட்டவர்கள், எண்ணைத் தப்பாக எழுதியவர்கள் என்று ஆர்டித்தே சந்தேகமானவற்றைக் கழித்துப் பார்த்தார். தேவைக்கு மேல் ஒரு கைப்பிடி அளவுதான் மிஞ்சியது. இனி ஒரு கையெழுத்து வாங்கவும் நேரமில்லை. இது கவிழ்ந்தால் மூன்றாவது முறை அலைய அவருக்குத் தெம்பு இருக்காது என்பது எமிலுக்கும் தெரியும். எமில் அன்று காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கே போவதற்கு என்று சொல்லவில்லை.

ஆர்டித் மனுப்பெட்டியை வண்டியில் வைத்துவிட்டு, கடையில் கேக் கவுன்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது லைல் வந்தார். ஒரு கண்ணில் பிளாஸ்திரி. இரண்டு நாள் முன்புதான் அதில் புரை எடுத்திருந்தார்கள்; மற்றக் கண்ணுக்குப் போன மாதமே எடுத்தாகிவிட்டது. ரொட்டிகளைப் பார்த்தார். கேக்குகளைப் பார்த்தார்.

"என்ன வேணும், லைல்?"

"நேத்து பத்திரிகையில உன் விதியைப் போட்டிருந்தாங்க. இந்தப் புதுக் கண்ணு நல்லாத் தெரியுது. ராத்திரி பூராவா, ஆர்டித்?"

"ராத்திரி பூரா."

"அந்த இரும்புக் கதவு சாத்துற சத்தம் நேரா என் படுக்கைக்கு வருது. முன்னாடி பட்டது போதும். அஞ்சு மணிக்குப் பூட்டின பிறகுதான் நான் தூங்கறேன்."

"ம்."

"எமிலுக்கு நான் எதிரி இல்ல."

"தெரியும்."

"போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா?"

ஆர்டித் துணியை மடித்து வைத்தார். "முடியும். எழுத்தர்கிட்ட எழுதிக் குடுக்கணும். நான் தாக்கல் பண்றதுக்கு முன்னாடி குடுக்கணும். அப்புறம் குடுத்தா செல்லாது."

"நீ எப்ப தாக்கல் பண்றே?"

"இப்பதான் கிளம்புறேன்."

லைல் பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இந்தக் கண்ணோட வண்டி ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நடந்து போனா எவ்வளவு நேரம் ஆகும்?"

ஆர்டித் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "ஏறு" என்றார்.

பிக்கப்பின் முன் இருக்கையில் மனுப்பெட்டி இருந்தது. உட்கார இடம் வேண்டுமென்றால் அதை எங்காவது வைத்தாக வேண்டும். பின்பக்கம் திறந்த வண்டி, காற்று. லைல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, திருப்பங்களில் மூடி பறந்துவிடாமல் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தபடி வந்தார். "என் வாழ்க்கையிலேயே நீளமான பயணம் அதுதான், அலாஸ்காவுக்குப் படகுல போனதைச் சேர்த்து" என்று பின்னால் மதுக்கடையில் சொன்னார்.

நான் அன்று தண்ணீர்க் கட்டணம் கட்ட நகராட்சிக்குப் போயிருந்தேன். இருவரும் சேர்ந்தே உள்ளே வந்தார்கள். எழுத்தர் கவுன்டர் முன்னால் யாரும் காத்திருக்கவில்லை. யோலண்டா எழுந்து, ரசீதுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பெட்டிக்காகக் கையை நீட்டினார்.

ஆர்டித் பெட்டியை லைலிடமிருந்து வாங்கிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்.

"இவர் முதல்ல" என்றார்.

லைல் தம் சட்டைப்பையைத் தடவினார். பேனா இல்லை. ஆர்டித் தம்முடையதைக் கொடுத்தார். லைல் எழுதி முடிக்கும்வரை, பெட்டியை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, சுவரிலிருந்த கடல் ஏற்ற இறக்க நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன்னால் வந்து தாக்கல் செய்தார். லைலை வீட்டில் கொண்டுபோய் விட்டதும் அவர்தான்.

சரிபார்ப்பு முடிய ஒரு மாதம் ஆனது. ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய கையெழுத்துகள் கூடுதலாக இருந்ததால் மனு தப்பியது. நவம்பரில் ஊர் வாக்களித்தது; விதி நிறைவேறியது. எமில் நாயோடு மறுபடி நடக்கிறார். அந்த இரும்புக் கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும் என்று லைல் ஒரு மனு தயாரித்துவருகிறார். வீட்டு எண்ணைப் பெரிய எழுத்தில் வாசலில் எழுதியும் வைத்துவிட்டார்.

மற்றபடி ஊரில் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி ஆளுக்கொரு விளக்கம் உண்டு. யோசிக்காமல் செய்துவிட்டார் என்கிறார்கள் சிலர். உபரி இருந்தது, ஒன்று போனால் என்ன என்று கணக்குப் போட்டிருப்பார் என்கிறார்கள் வேறு சிலர். எமில் கேட்டதே இல்லை. நான் மட்டும் ஒரு சனிக்கிழமை கம்பு ரொட்டி வாங்கும்போது கேட்டேன். பெட்டி அவர் வண்டியில் இருந்தது, கவுன்டர் காலியாக இருந்தது, முதலில் போய்க் கொடுத்திருந்தால் யாரும் ஒரு குற்றமும் சொல்லியிருக்க முடியாது. ஏன் லைலை முன்னால் விட்டீர்கள்?

ஆர்டித் ரொட்டியைக் காகிதத்தின் மேல் வைத்தார்.

"வெட்டித் தரட்டுமா, முழுசாவே வேணுமா?" என்று கேட்டார்.